தொடக்கத்தை மறக்கும் கணக்கு

தருமபுரி மாவட்டத்தைப் பற்றிப் பேச்செழும்போது, "இந்த மண்ணின் குணம் அப்படி, பழையது போகாது" என்று முடித்துவிடுவோர் உளர். பெண் சிசுக் கொலையால் இம்மாவட்டம் பெற்ற அவப்பெயரே அவர்கள் மனத்தில் நிற்பது. ஒரு மக்கள் கூட்டம் தன் தொடக்கத்துக்கு என்றென்றும் அடிமைதானா? அகீதாப் பாடத்தில் மாணவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ இதுவே. கணித நூலாரும் இதனோடு மல்லாடியிருக்கின்றனர்.

ரஷ்யாவில் நெக்ரஸோவ் என்றொரு கணித அறிஞர் இருந்தார்; சமயக் கல்வியும் பெற்றவர். சமுதாயக் கணக்குகளில் சராசரிகள் நிலையாக நிற்பதற்கு, மனிதர் ஒருவரையொருவர் சாராது இயங்குவதே காரணம்; ஆகவே மனிதனுக்குச் சுய இச்சை உண்டு என்று வாதித்தார். நம் பழைய கதரிய்யாக் கூட்டத்தார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்! மார்க்கோவ் 1906இல் இதை மறுத்தார். ஒன்றையொன்று சார்ந்து தொடரும் நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறக் கூடும் என்று காட்டினார். அவர் அமைத்த சங்கிலியில் நாளைய நிலை இன்றைய நிலையைப் பொறுத்தது. நேற்றையது இன்றின் வழியாகவே நாளையைத் தொடும்.

ஆனால் வாழ்வில் வீதங்கள் ஆண்டுக்காண்டு மாறுகின்றனவே? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பென்னாகரத்தில் ஆயிரம் பேர். பிழைப்புக்குப் பெங்களூர் சென்றுவிட்டோர் வேறு ஆயிரம் பேர். முதலாண்டில், ஊரிலிருப்போரில் பத்துக்கு மூவர் பெங்களூர் போகின்றனர். அங்கிருப்போரில் பத்துக்கு இருவர் ஊர் வருகின்றனர். முதற் கூட்டத்தாரில் 700 பேரும் இரண்டாம் கூட்டத்தாரில் 200 பேரும் ஊரில் இருப்பர். அடுத்த ஆண்டு மழை பொய்க்கிறது; பத்துக்கு நால்வர் போக, ஒருவரே திரும்புகிறார். இப்போது 450, 200. மூன்றாம் ஆண்டு நல்ல மழை. ஒருவர் போக, நால்வர் திரும்புகின்றனர். 625, 500. எண்கள் எதிலும் நிலைகொள்ளவில்லை. ஆயினும் இரு கூட்டத்தாரின் இடைவெளி 1000, 500, 250, 125 எனத் தேய்ந்துவருகிறது. எங்கிருந்து புறப்பட்டோம் என்பதைக் கணக்கு மறந்துகொண்டே போகிறது. போக்குவரத்தே இல்லையெனில் இடைவெளி தேயாது என்பதையும் நினைவிற் கொள்க.

பிறப்பு, இறப்பு வீதங்கள் மாறிக்கொண்டேயிருந்தாலும், ஒரே வீதங்களுக்கு உட்பட்ட இரு சமுதாயங்களின் வயது அமைப்பு காலப்போக்கில் ஒன்றாகிவிடும் என்று ஆன்ஸ்லி கோல் 1957இல் ஊகித்தார். அல்வாரோ லோபஸ் 1961இல் நிறுவினார். அமைப்பைத் தீர்மானிப்பது தொலைப் பழமையன்று. அண்மைத் தலைமுறைகளின் வீதங்களே.

தருமபுரிக்கு வருவோம். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்துக்கும் வந்தது. அவ்வாண்டுக் குடிக்கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் மக்களுக்குப் பெண் மக்கள் 900க்கும் வெகு கீழே. 2011இல் 900ஐக் கடந்துவிட்டனர். மண்ணின் குணம் என்பார் இதற்கு என்ன சொல்வர்? வீதம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஒவ்வொரு வீட்டின் பேறுகால அறையிலும், மகள் பிறந்தாள் என்று கேட்ட தகப்பன் முகத்திலும் அது உருவாகிறது. அதனால்தான் ஜபரிய்யாக்களின் "நம் கையில் ஒன்றுமில்லை" என்ற வாதம் நமக்கு ஒப்பாதது.

எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. லோபஸின் கணக்கு மறப்பது விகிதத்தை மட்டுமே, தொகையை அன்று. அன்று இழந்த மகள் பின்னர் தாயாகியிருப்பாள். அவள் கிளை முழுவதும் தொகையில் குறைந்தே நிற்கும். வயது அமைப்பு எத்தனை அழகாகச் சீர்ப்பட்டாலும் அக்குறை நிரம்புவதில்லை. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் மகவிடம் மறுமையில் கேட்கப்படும் வினாவைத் தக்வீர் அத்தியாயத்தில் ஓதும் நாம், "விகிதம் சரியாகிவிட்டது" என்று ஆறுதல் கொள்ள இயலுமா? 2001இல் பிறந்து பிழைத்த பெண் மக்கள் இன்று தாய்மாராகும் வயதில் இருக்கின்றனர். பிழைக்காதவர்க்கும் அதே வயதுதான் ஆகியிருக்கும்.