பரமபதமும் பள்ளிக்கூடமும்

“விளையாட்டு வினையாகும்” என்று எச்சரிப்பர் வீட்டுப் பெரியவர்கள். கோலியாட்டத்திலே சண்டை மூண்டால் இந்த வாக்கு. பாண்டி ஆடும் பெண் பாடம் மறந்தால் இந்த வாக்கு. ஆனால், மார்கழியிலே வைகுண்ட ஏகாதசி இரவு வந்துவிட்டாலோ, அதே பெரியவர்கள் பரமபதப் படத்தை விரித்து, விடிய விடியத் தாயக்கட்டை உருட்டுவர். அன்று மட்டும் விளையாட்டு வினையன்று, புண்ணியம்!

வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது, தோழர்களே! அந்தப் படத்தை உற்று நோக்குங்கள். உச்சியிலே பரமபதம். ஏணிகள் நல்வினை, பாம்புகள் தீவினை. ஏறுவதும் இறங்குவதும் எதனால்? ஆடுகிறவனுடைய அறிவாலா, முயற்சியாலா? இல்லை, உருளும் கட்டையால். எண் விழுந்தபடி காய் நகரும். பாம்பு கடித்தால் வாயைத் திறக்காமல் வாலுக்கு வரவேண்டும். “ஏன்?” என்று கேட்க அந்த ஆட்டத்திலே கட்டம் கிடையாது. “விதி” என்ற ஒரு சொல்லை ஆயிரம் கதாகாலட்சேபங்கள் சொல்லிப் பதிய வைத்ததைவிட ஆழமாக, அந்த ஒரு துணிப்படம் சிறுபிள்ளையின் நெஞ்சிலே பதிய வைத்தது. பாடம் நடத்துகிறோம் என்று சொல்லாமலே நடத்திய பாடம் அது!

ஆகவே, விளையாட்டின் வழியே கல்வி என்பது நேற்றுப் பிறந்த புதுமையன்று. அந்த விளையாட்டு பிள்ளைக்கு எதைக் கற்றுத் தருகிறது, எதைக் கேட்கவிடாமல் தடுக்கிறது என்பதுதான் அன்றும் கேள்வி, இன்றும் கேள்வி. இதை நான் ஏட்டிலே படித்து எழுதவில்லை. என் வகுப்பறையிலே தலை குனிந்து கற்றுக்கொண்டேன்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியை நான். படித்தது கலைக்கல்லூரியில், இலக்கியம். கணக்கு ஆசிரியர் நீண்ட விடுப்பிலே சென்றபோது அந்த வகுப்பும் என் தலையில் விழுந்தது. நல்லவேளை என்று எண்ணினேன், வகுப்பிலே தொடுதிரைப் பலகை இருந்தது. பலகையிலே கணக்கு விளையாட்டும் இருந்தது. கேள்வி தோன்றும், நான்கு விடைகள் தோன்றும், சரியானதைத் தொட்டால் பச்சை விளக்கு, கைதட்டல் ஓசை, ஒரு விண்மீன்! தவறினால் சிவப்பு, மீண்டும் தொடலாம். சாரல் காலத்திலே மின்சாரம் கண்ணாமூச்சி ஆடுமே, அந்த நேரம் தவிர, மற்ற நேரமெல்லாம் வகுப்பு கலகலத்தது. விண்மீன்கள் குவிந்தன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலே அந்த எண்ணிக்கையைப் பெற்றோரிடம் பெருமையோடு படித்துக் காட்டினேன். தாய்மார் சிலர் பீடிச் சுளகை இறக்கி வைத்துவிட்டு, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் முகம் மலர்ந்தது. என் மனமும் மலர்ந்தது.

மறுவாரம், அதிக விண்மீன் பெற்ற சிறுவனை அழைத்து, “முக்கால் பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா?” என்று கேட்டேன். “முக்கால்” என்றான், உடனே. “ஏன்?” என்றேன்.

“அதைத் தொட்டாத்தான் பச்சை எரிஞ்சிச்சு, டீச்சர்!”

சிரித்தேன், பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. நான்கையும் மாறி மாறித் தட்டிப் பச்சையைக் கண்டுபிடிக்கும் கலையை அவன் கற்றிருந்தான்; அவனோடு வகுப்பிலே பாதிப் பேர். பின்னத்தை எவரும் கற்கவில்லை. “பச்சை எரிந்தது, ஆகவே சரி” என்பதற்கும், “சாத்திரம் சொல்லிற்று, ஆகவே சரி” என்பதற்கும் என்ன வேறுபாடு? அங்கே ஓலைச்சுவடி, இங்கே ஒளித்திரை! ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்திலே அமர்ந்து, கேளாமலே ஏற்கும் பழக்கத்தை வண்ண விளக்கிட்டு வளர்த்திருக்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கணக்கு அரைகுறை. அந்தக் குறையை மறைக்கத் திரை எனக்கு நல்ல திரைச்சீலையாகவும் பயன்பட்டது!

இந்தத் தந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், கூண்டிலிட்ட புறாக்களுக்குத் தானியம் கொடுத்து, விரும்பிய செயலை அவற்றைச் செய்யப் பழக்கியவர். 1953-ல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றவர், பிள்ளைகள் தம் விடை சரியா தவறா என்று அறியவே நெடுநேரம் காத்திருக்கக் கண்டு மனம் நொந்து, கற்பிக்கும் பொறியொன்றை அமைத்தார். சிறுசிறு கேள்வி, உடனுக்குடன் சரியென்ற செய்தி. அவர் நோக்கம் தூயது; பிள்ளைகளைப் பிரம்படியிலிருந்து மீட்க நினைத்தார். பிரம்புக்குப் பழகிய நம் பள்ளிகள் அவரைப் பழிக்கத் தகுதியற்றவை. ஆனாலும், புறாவுக்குத் தானியம், பிள்ளைக்கு விண்மீன் என்று ஆகிவிட்டால், கொத்துவது மட்டும் மிஞ்சும், சிந்திப்பது மிஞ்சாது.

அதே அமெரிக்காவிலே, 1967-ல், சீமோர் பேப்பர்ட் என்பாரும் அவர் தோழர்களும் “லோகோ” என்ற கணிப்பொறி மொழியைப் பிள்ளைகளுக்கென்றே படைத்தனர். அங்கே பொறி கேட்க, பிள்ளை விடையளிப்பதில்லை. பிள்ளை ஏவ, பொறி பணிகிறது. ஏவலிலே பிழையிருந்தால் படம் கோணலாகும். எங்கே பிழை என்று பிள்ளையே தேடவேண்டும். 2007-ல் எம்.ஐ.டி. வெளியிட்ட “ஸ்கிராட்ச்” அந்த வழியிலே வந்ததுதான். ஒரே கணிப்பொறி! ஒருவர் கையிலே அது எசமான், மற்றவர் கையிலே அது ஏவலாள்!

“அப்படியானால் பொறியே வேண்டாம், புத்தகம் போதும்” என்று கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. குசராத்தின் வடோதரா நகராட்சிப் பள்ளிகளில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு கணிப்பொறிக்கு இருவராக, வாரம் இரண்டு மணிநேரம் கணக்கு விளையாட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். அபிசித் பானர்சி, எசுதர் டுஃப்லோ முதலான பொருளியலறிஞர்கள் அளந்தார்கள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கணக்கிலே பிள்ளைகள் நன்கு முன்னேறினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பெரு நாட்டிலோ பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று வாரி வழங்கினார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் கண்ட பயன் ஏதுமில்லை என்றது. பொருளைக் கொடுத்தவர்கள், அதைக்கொண்டு என்ன செய்வதென்று கற்பிக்க மறந்தார்கள்.

நம் நாட்டிலே மறந்தார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தரையிலே வட்டமாக அமர்த்தி, கைக்கு எட்டும் உயரத்திலே கரும்பலகையை இறக்கி வைத்தது. எண்ணிப் பாருங்கள், கரும்பலகையைத் தொடும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே இருந்த காலத்தை! 2011-ல் மேனிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி. 2018-ன் புதிய பாடநூல்களிலே திரையில் விரியும் குறியீட்டுக் கட்டங்கள். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. அண்மை ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிகளிலே 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள். கட்சிகள் மாறின, திட்டங்களின் பெயர்கள் மாறின. பொருள் பள்ளிக்கு வந்தது. வரவேற்கிறேன். பணக்காரப் பிள்ளைக்குத் திரை, ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டு என்ற நிலை நீடித்திருந்தால், அதையே முன்வினைப் பயன் என்று சொல்லவும் நாட்டிலே ஆள் இருந்திருப்பார்கள்!

சூதாட்டச் செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அது வேறு வழக்கு. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2022-ல் தமிழ்நாட்டு அரசு சட்டம் இயற்ற, ஆளுநர் திருப்பியனுப்ப, 2023-ல் மீண்டும் நிறைவேற்றிய கதை நீங்கள் அறிந்ததே. அந்தத் தீமையைக் காட்டிப் பள்ளித் திரையை மூடச்சொல்வது, மதுக்கடையைக் காட்டித் தண்ணீர்ப் பந்தலை இடிக்கச் சொல்வது போன்றது.

என் வகுப்புக்குத் திரும்புகிறேன்.

ஊரின் பெயர் குத்துக்கல்வலசை. வகுப்பிலே சும்மா இருக்கும் பிள்ளையை “என்ன, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கே?” என்று அதட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சை விளக்குக்குப் பிறகு நான் பலகையைப் பாராமல் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கலகலப்பிலும் எத்தனை பேர் குத்துக்கல்லாய் இருந்தார்கள் என்று! பலகை ஒன்று; தொடத் துடிக்கும் கைகள் பல. முந்திக்கொண்டு ஓடிவருகிறவர்கள் யார்? வீட்டிலே கைப்பேசி வைத்துப் பழகியவர்கள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பின்வரிசைப் பெண்ணொருத்தி, ஒரு பருவம் முழுதும் அந்தத் திரையை ஒருமுறையும் தொட்டதில்லை. வீட்டிலே உள்ளது ஒரே கைப்பேசி. விடிந்ததும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அவளோ மாலையிலே தாயோடு அமர்ந்து பீடிக்கு இலை வெட்டுகிறவள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. “நீ தொடாதே” என்று எந்தப் பலகையும் எழுதித் தொங்கவில்லை. தடுக்காமலே விலக்கி வைக்கும் வித்தை நம் சமுதாயத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதற்கு நானும் உடந்தை.

முறை வைத்தேன். பெயர் வரிசைப்படி அல்ல, பின்வரிசையிலிருந்து. முணுமுணுப்பு எழத்தான் செய்தது.

விண்மீன் விளையாட்டை ஒதுக்கி வைத்து, பாடநூலே சுட்டியிருந்த “சியோசீப்ரா” என்னும் கணிதப் பயன்பாட்டைத் திறந்தோம். அதிலே பரிசு கிடையாது, கைதட்டல் கிடையாது. திரையிலே ஒரு முக்கோணம். முனையைப் பிடித்து இழுத்தால் வடிவம் மாறும், கோண அளவுகளும் மாறும். மூன்றையும் கூட்டினால் 180 பாகை. எப்படி இழுத்தாலும் 180! பிள்ளைகள் வியந்தார்கள். அந்தப் பெண்ணின் முறை வந்தது. தயங்கித் தயங்கி இழுத்தாள். திரையிலிருந்த மூன்று எண்களையும் தன் நோட்டிலே எழுதிக் கூட்டினாள்.

“டீச்சர், 179.99 தான் வருது.”

வகுப்பு சிரித்தது. “மிஷின் தப்பா சொல்லுமா? நீ தப்பா கூட்டியிருப்பே” என்றான் பச்சை விளக்குச் சிறுவன். நான் கூட்டிப் பார்த்தேன், 179.99. எனக்கு விடை தெரியவில்லை. பழைய நானாக இருந்தால், “அடுத்த படத்துக்குப் போவோம்” என்றிருப்பேன். அன்று, “எனக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். ஆசிரியை இப்படிச் சொல்லிக் கேட்டிராத பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுப்பிலிருந்த ஆசிரியரிடம் விசாரித்து மறுநாள் விளக்கினேன்: 60.333… என்று நீளும் அளவைப் பொறி 60.33 என்று வெட்டிக் காட்டுகிறது. அப்படி மூன்று இடத்திலே வெட்டுண்ட துணுக்குகள் சேர்ந்துதான் அந்தக் குறைவு. பொறி பொய் சொல்லவில்லை, முழுவதையும் சொல்லவுமில்லை. அதைக் கண்டுபிடித்தது, நூறு விண்மீன் பெற்றவனல்ல. நம்பாமல் கூட்டிப் பார்த்தவள்.

அவள் அதோடும் விடவில்லை. “எத்தனை முக்கோணம் இழுத்துப் பார்த்தாலும், பார்க்காத முக்கோணம் இருக்கும்லா டீச்சர்?” என்றாள். கண்ணால் கண்டது நூறு, ஆயிரம் என்றாலும் அது மெய்ப்பிப்பு ஆகாது என்பதை அவள் தன் சொல்லிலே சொல்லிவிட்டாள். கரும்பலகைக்குத்தான் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு இழுத்து, எல்லா முக்கோணத்துக்கும் ஏன் பொருந்தும் என்று கண்டோம். திரை கேள்வியை எழுப்பிற்று; விடைக்குச் சுண்ணாம்புக் கட்டியே போதுமானதாக இருந்தது. பின்னத்தையும் அப்படியே முடித்தோம். பன்னிரண்டு புளியமுத்தைப் பரப்பினால் முக்கால் ஒன்பது, மூன்றில் இரண்டு எட்டு. செலவு? மூன்று பழத்தின் விலை!

பிறகு பரமபதத்தையே கையில் எடுத்தோம், புதிதாக வரைய. பாம்புகளுக்குப் பிள்ளைகளே பெயரிட்டார்கள்: புரிந்ததாக நடித்தல், பார்த்து எழுதுதல், பிறரைக் கேலி செய்தல். நீண்ட பாம்புக்கு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “பச்சையைத் தட்டுதல்” என்று பெயர் வைத்தான் ஒருவன். தாயக்கட்டையை நீக்கிவிடுவது என்றும், கேள்விக்குக் காரணத்தோடு விடை சொன்னால்தான் காய் நகரும் என்றும் முடிவாயிற்று. விதி ஒழிந்தது, அறிவு ஆள்கிறது என்று நான் பூரித்தேன்.

“எல்லாரும் ஒண்ணாம் கட்டத்திலயா நிக்கணும், டீச்சர்? வீட்ல போன் இருக்கவங்க முன்னாடியே ஏணியில நிக்காங்கல்லா?” என்றாள் அந்தப் பெண்.

1921-ல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புரிமை ஆணை பிறப்பித்த நாள்தொட்டு நாடு வழக்காடி வரும் கேள்வி, ஓர் அட்டைப் படத்தின் முன்னே வந்து நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்காமல்! வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வாய்ப்பு இல்லாதவர் சில கட்டம் முன்னே நிற்கட்டும் என்றனர் சிலர். எத்தனை கட்டம், யார் அளப்பது என்றனர் சிலர். அப்போது ஒரு சிறுவன் எழுந்து, “அப்போ தாயக்கட்டையே இருக்கட்டும் டீச்சர், அதுக்கு யார் வீட்ல போன் இருக்குன்னு தெரியாதுல்லா” என்றான்.

திகைத்தேன். ஆள் பார்க்காத நடுவுநிலை கட்டைக்கு உண்டுதான். ஆனால் அறிவையும் அது பார்ப்பதில்லையே என்றேன். அவன் ஒப்பவில்லை. மணி அடித்தது. படம் இன்னும் வகுப்புச் சுவரிலே தொங்குகிறது, முதற்கட்டத்திலே எண் எழுதப்படாமல். திங்கட்கிழமை வழக்குத் தொடர்கிறது.