புரிந்ததால் வந்த எதிர்ப்பு

புதிய யோசனை புரியாததால்தான் எதிர்க்கிறார்கள் என்று சமாதானம் சொல்வோம். இலங்கையின் மலையகத்தில் நடந்தது வேறு. தோட்டத் தொழிலாளிக்கும் சங்கம் வேண்டும் என்று கோ. நடேசய்யர் சொன்னபோது, தோட்டங்களை நடத்திய துரைமாருக்கு அது நன்றாகவே புரிந்தது. எதை இழக்கப்போகிறோம் என்பதும் தெரிந்தது. அன்று வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். புடவை வியாபாரி வேடத்தில், துணி மூட்டையோடு நடேசய்யர் தொழிலாளர் வசித்த லயங்களுக்குள் நுழைந்ததாக இன்றும் சொல்வார்கள். துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆள் சேர்த்தார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது.

தொழிலாளரில் பலரும் சங்கத்தில் சேர முதலில் தயங்கினார்கள். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைநீக்கப் பற்றுச்சீட்டைத் துரை கையில் கொடுத்தால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போய்விடும். பிள்ளைகளோடு எங்கே போவது? இழப்பதற்கு அந்த ஒற்றை அறை மட்டுமே இருந்தவரின் அச்சமும், அதிகாரம் குறையுமே என்ற துரையின் அச்சமும் ஒன்றாகா. முதலாமவருக்குத் துணை வேண்டும். இரண்டாமவர் வேறு வழியில்லாதபோதுதான் இறங்கி வருவார். முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்ட 1940ஆம் ஆண்டிலேயே, தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.