நின்றுபோனவர்கள்

பள்ளிக்கூடங்களில் வன்முறை அதிகரித்துவருகிறது என்று சொல்கிறபோது நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இல்லை. 2012ல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும் இரவில் வீட்டில் இருக்கும்போது வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு எட்டாம் வகுப்புப் பையனின் புத்தகப்பையில் அரிவாள் இருந்தது. வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு கோடு மேலே ஏறுவதுபோலத் தோன்றுகிறது. ‘எங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டா?’ என்று டீக்கடையில் கேட்கிறவரும் இந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார். அவர் கேள்வியை வெறும் அலுப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஏனென்றால் என் காலத்தில் உண்டு. அதற்கு வேறு பெயர் இருந்தது. அல்லது பெயரே இல்லை.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் வகுப்பு லீடர். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது, ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து பிரம்பை எடுத்துவருவது, கையெழுத்து நன்றாக இருந்ததால் மாதத் தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதிக் கொடுப்பது, இவையெல்லாம் என் உத்தியோகங்கள். வாத்தியார் எல்லோரையும்தான் அடித்தார். ஆனால் ஒரே மாதிரி அடிக்கவில்லை. எனக்கு உள்ளங்கையில் ஒன்று. அதுவும் முகத்தில் ஒரு வருத்தத்தோடு. காலனியிலிருந்து வருகிற பையன்களுக்குக் கெண்டைக்காலில், எண்ணிக்கை இல்லாமல். யார் யாருடைய மகன் என்பது பிரம்புக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது. பரீட்சை வைக்காமலே அந்தப் பாடத்தில் எல்லோரும் தேறியிருந்தோம்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையை நாடு முழுவதற்கும் தடை செய்தது. பிரம்பைப் பிடுங்கியதுதான் இன்றைய சீரழிவுக்கெல்லாம் காரணம் என்று ஆசிரியர்களிலேயே பலர் நம்புகிறார்கள். சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய வாதம்தான். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பிரம்பு இருந்தவரை அடிக்கும் உரிமை பள்ளியில் ஒரே கையில் குவிந்திருந்தது. அந்தக் கை எந்த வித்தியாசத்தைப் பார்த்து ஓங்கியதோ அந்த வித்தியாசம் பிரம்போடு வெளியேறவில்லை. ஏகபோகம் முடிந்தது, சரக்கு அங்கேயே மிஞ்சியது.

நாங்குநேரிச் சம்பவத்தில் எல்லோரும் அரிவாளைப் பார்த்தார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஒரு விஷயம்தான் நெருடிக்கொண்டிருக்கிறது. சக மாணவர்களின் தொல்லை பொறுக்காமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். அவன் சொன்னான். சொன்னதைத் தொடர்ந்துதான் வெட்டு விழுந்தது.

என் வகுப்பில் இப்படி ஒருவன் வராமல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். ‘நின்னுட்டான்’ என்பார்கள். ஆறாம் வகுப்பில் சிலர் நின்றார்கள், எட்டாம் வகுப்பில் இன்னும் சிலர். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். இலக்கணத்தில் அக்கறை பிந்தி வந்தது. நின்றான் என்பது தன்வினை. நிறுத்தினார்கள் என்பது பிறவினை. ஒரு தலைமுறைக் காலம், அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறைக் காலம், பிறவினையில் நடந்ததையெல்லாம் பதிவேடுகள் தன்வினையில் எழுதிவந்திருக்கின்றன. செய்தவன் இல்லாத வாக்கியத்தில் வன்முறை எப்படித் தெரியும்?

ஹன்னா அரெண்ட் 1970ல் வன்முறை பற்றி எழுதிய சிறு நூலில் அதிகாரத்தையும் வன்முறையையும் எதிரெதிராக நிறுத்துகிறார். அதிகாரம் உறுதியாக இருக்கும் இடத்தில் வன்முறைக்கு அவசியம் நேர்வதில்லை. அது ஆட்டம் காணும்போதுதான் ஆயுதம் வெளியே வருகிறது. அவர் மனசில் இருந்தது வேறு உலகம் என்றாலும் திருநெல்வேலிச் சீமைக்கு இது பொருந்துகிறது. ‘நின்னுட்டான்’ என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்த காலத்தில் அரிவாளுக்கு என்ன வேலை? இன்று அவன் நிற்பதில்லை. 1956ல் தொடங்கிய மதிய உணவு, சீருடை, சைக்கிள், எல்லாவற்றுக்கும் மேலாக எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களின் பிடிவாதம், இவை அவனைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுவந்துவிட்டன. வந்தவன் முதல் பெஞ்சில் உட்காருகிறான், நன்றாகப் படிக்கிறான், கேட்டால் நடந்ததைச் சொல்கிறான். வன்முறை அதிகரித்திருக்கிறது என்பதில் ஒரு பகுதி, விலகிப்போக மறுக்கிறவர்கள் அதிகரித்திருக்கிறார்கள் என்பதுதான்.

எல்லாவற்றையும் இதற்குள் திணித்துவிட முடியாது. சென்னைச் சம்பவத்தில் காரணம் என்று பேசப்பட்டது மாணவனின் கையேட்டில் ஆசிரியை எழுதிய குறிப்புகள். அது மதிப்பெண்ணின் உலகம், வீட்டுக்குப் போகும் காகிதத்தின் பயம். பாளையங்கோட்டையில் ஒரு பென்சில் என்றார்கள். செல்போன், சினிமா, குடி என்று வழக்கமாக அடுக்குகிறார்கள். அவை இருக்கட்டும்.

எனக்குப் புதிராக இருப்பது அரிவாளைப் பிடித்த பதினேழு வயதுக் கை. அவனுக்கு இதில் என்ன லாபம்? அவன் வீட்டில் நிலம் இருந்ததாகச் சொல்லக் கேட்டிருப்பானே தவிர பார்த்திருக்கமாட்டான். தாத்தாவுக்குத் தெருவில் கிடைத்த வணக்கம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. படித்தால் வேலை என்ற வாக்குறுதியைப் பள்ளி இப்போது யாருக்கும் உரத்துச் சொல்வதில்லை. ஸ்தூலமாக அவன் கையில் மிஞ்சியிருப்பது மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு ஒன்று. தான் ஒருபோதும் வைத்திருக்காத ஒன்றை இழந்துவிட்டதாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் வெட்டப் போவதில்லை. அவர்கள் பிள்ளைகள் வேறு ஊரில் படிக்கிறார்கள்.

இங்கேதான் ‘சமூகக் காரணங்கள்’ என்ற தொடர் எனக்கு உறுத்துகிறது. வங்கியில் ஒரு தொகை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று உடனே தெரியாவிட்டால் அதை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைப்போம். ராத்திரி கணக்கு நேராகிவிடும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் அது அங்கேயே கிடக்கக் கூடாது. உரியவரைத் தேடி அந்தக் கணக்குக்கு மாற்றும்வரை ஆடிட்டர் விடமாட்டார். நம் கட்டுரைகளில் ‘சமூகம்’ என்பது வருஷக்கணக்காகத் தீர்க்கப்படாத அப்படியொரு கணக்கு. எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வண்ணக் கயிறுகளுக்கும் சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிள்களுக்கும் தடை, அகரவரிசையில் மாணவர்களை உட்காரவைப்பது, ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்காமல் இருப்பது என்று பல யோசனைகள். கயிற்றை அறுத்தால் சாதி அறுந்துவிடுமா என்று உடனே கேலி எழுந்தது. அறாது. ஆனால் 2019ல் பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் இதே கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியபோது, எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. வெறும் கயிறுக்காக ஒரு அரசு பின்வாங்காது.

தலைமையாசிரியர் பற்றிய யோசனைதான் பலரைப் புண்படுத்தியது. ஆசிரியரைச் சாதி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். தார்மீகமாகச் சரியான கேள்வி; எனக்கும் அந்த யோசனை முழுக்க உவப்பாக இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் முதல் நாளே அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிடுகிறான். கெண்டைக்காலா உள்ளங்கையா என்பது அவனுக்குத் தெரிந்தாகவேண்டிய விஷயமாக இருந்தது. மற்றவர்கள் தெரியாததுபோல இருந்துகொள்ள முடிந்தது, நான் உட்பட.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்து வரிசையில் இருந்தவன் ஒருவன் அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை. அவன் பெயரை நான் போர்டில் அடிக்கடி எழுதியிருக்கிறேன். பேசியதால் எழுதினேனா, எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதால் எழுதினேனா என்பதை இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் அவன் பெயருக்கு நேராக ஆப்சென்ட் விழுந்துகொண்டிருந்தது. மார்ச் மாதப் பதிவேட்டைப் பேனாவோடு என்னிடம் கொடுத்தபோது, ‘அவன் நின்னுட்டான், எழுத வேண்டாம்’ என்றார் வாத்தியார். பதினெட்டாம் எண்ணில் அவனுக்கு அடுத்தவன் பெயரை எழுதினேன். அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு எண் குறைந்தது.