பத்துப் பேர் போதும், தம்பி!

சிங்கப்பூர் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பியாயிற்று, அம்மாவிடம் பேசியாயிற்று, இனி விடுதிக்குத் திரும்ப வேண்டியதுதான். இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒரு சங்கம் வைத்தால் என்ன என்று கேட்டுப் பார். "முதல்ல கடனை அடைப்போம், நாலு காசு பார்ப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள்.

தம்பி, அந்த 'அப்புறம்'தான் உன் எதிரி!

உனக்கு முன்னால் கப்பலேறியவர்கள் அப்புறம் என்று சொல்லவில்லை. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819-ல். எட்டே ஆண்டில், 1827-ல், நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் போனவர்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிவிட்டார்கள். நாராயண பிள்ளை என்பவர் முன்னின்றார். மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான் அன்றைய கோயில். புதிதாக வந்திறங்கியவனுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க அதுதான் இடம். இந்துக்களின் திருமணப் பதிவும் அங்கேதான் நடந்தது. சாமி கும்பிட மட்டுமா கட்டினார்கள்? ஆதரவில்லாத ஊரில் 'எங்கே போவேன்' என்பவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1828-ல், சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டகைக்கு நினைவிடம் எழுப்பத் தொடங்கி 1830-ல் முடித்தார்கள். அன்று அந்தத் தெரு கடற்கரை, கடலைத் தூர்த்ததெல்லாம் பிறகு. அந்த ஆண்டகை, ஷாகுல் ஹமீது, அடங்கியிருப்பது நம் நாகூரில். ஆனால் கரையிறங்கியவன் முதலில் கண்ணெடுத்துப் பார்க்க ஊரின் அடையாளம் ஒன்று வேண்டுமென்று நினைத்தார்கள், கட்டினார்கள். அதைத்தான் 1974-ல் சிங்கப்பூர் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது.

இன்னொருவரைச் சொல்கிறேன், கேள். திருவாரூரில் 1903-ல் பிறந்த கோ. சாரங்கபாணி. இருபத்தோரு வயதில், 1924-ல் சிங்கப்பூர் போய்க் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். உன் வயதுதான்! 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானபோது முன்னணியில் நின்றார். 1935-ல் தமிழ் முரசு பத்திரிகை பிறந்தது, இன்றும் வருகிறது. மதமும் சாதியும் பார்த்துப் பிரிந்து கிடந்தவர்களை ஒரே பந்தலில் உட்காரவைக்க 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது தினக்கூலிகளும் கொடுத்தார்கள். குடியுரிமைக்கு மனுப் போடத் தெரியாமல் தமிழர்கள் தவித்த நாளில், முரசு அலுவலக வாசலிலேயே படிவம் நிரப்பித்தர ஏற்பாடு செய்தார். சங்கம் என்றால் இதுதான். பொன்னாடை, மேடை, குழுப் படம் எல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படிவம் நிரப்பத் தெரியாதவன் பக்கத்தில் பேனாவோடு உட்காருகிறவன் எவனோ அவனே தலைவன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று சொல்லாதே. காவிரி டெல்டாவில் பிறந்த உனக்கா தெரியாது? மேட்டூர் அணை திறப்பதற்குள் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று முறை வைத்த ஊர் உன் ஊர். தண்ணீர் குறைந்தால் முறைத்தண்ணீர் விட்டுக் கடைமடைக்கும் பங்கு வைத்தவர்கள் உன் தாத்தாக்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, வாங்கிய காசுக்கு ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து வைப்பார்களே, அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தை நம்பி எவ்வளவு பணம் கைமாறுகிறது! அந்த நாணயம் உன் ரத்தத்தில் இருக்கிறது. அதை எடுத்து வெளியே வை!

ஒன்றை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வா: சாதியை. ஊர்ச்சங்கம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரே தெருக்காரர்கள் மட்டும் கூடினால் அது சங்கமே இல்லை. கூத்தாநல்லூர்க்காரரும் வேளாங்கண்ணிக்காரரும் கீழத்தெருப் பையனும் ஒரே பாயில் உட்காரட்டும். வீட்டுவேலைக்கு வந்த அக்காக்களையும் கூப்பிடு. யாரிடமும் சொல்லாமல் அழுகிறவர்கள் அவர்கள்தான்.

சங்கத்தின் அருமை கேளிக்கையில் தெரியாது, சாவில் தெரியும். வேலையிடத்தில் ஒருவன் விழுந்து இறந்தால் மருத்துவமனைச் சான்று, காவல்துறைக் கடிதம், கம்பெனிக் கையெழுத்து, தூதரகத் தாள், விமானத்தில் இடம், திருச்சி விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ், கடைசியில் ஊரில் காத்திருக்கும் ஒரு தாய். இத்தனையையும் தனி ஒருவனால் ஓடி முடிக்க முடியாது. நான்கு பேர் பிரித்துக்கொண்டால் முடியும். நம் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று 2009 முதல் இருக்கிறது; உடலை ஊருக்கு அனுப்பவும் அதில் வழி உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஓர் ஆள் உங்களுக்குள் இருக்கவேண்டாமா?

சட்டத்தை மீறாதே. சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கம் நடத்தினால் அதைப் பதிய வேண்டும். நீ இருப்பது அமீரகம் என்றால், அங்கே உரிமம் இல்லாமல் நிதி திரட்டுவது குற்றம். அங்கே ஏற்கெனவே அனுமதி பெற்ற அமைப்போடு சேர்ந்துகொள், தூதரகத்தைக் கேள். அவசரப்பட்டு வசூலில் இறங்கி மாட்டிக்கொள்ளாதே.

வருகிற ஞாயிறு பத்துப் பேரைக் கூட்டு. ஆளுக்கொரு தேநீர் போதும். ஒவ்வொருவரின் ரத்தவகை, ஊரில் யாரைக் கூப்பிடவேண்டும், பாஸ்போர்ட் நகல் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. கணக்கெழுத ஒருவர், மருத்துவமனைக்கு ஓட ஒருவர், தூதரகத்துக்கு ஒருவர் என்று அன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் புதிதாக வந்திறங்குகிற பையன் யார், அவனை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போவது யார் என்று முடிவு செய்யாமல் எழுந்திருக்காதீர்கள்!