வரிசையை விற்கலாமா?

கடந்த ஆடியில் என் தங்கை குடும்பம் ரொறன்ரோவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தது. அவர்களை அழைத்துவர ஊர்காவற்றுறைக்குப் போனேன். பிற்பகல் படகுக்கு இறங்குதுறையில் வழமையைவிட அதிக சனம். அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நோயாளர்கள், திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. பத்து வயது மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"மாமா, இங்க பாஸ்ற் லேன் எங்க வாங்கிறது?"

எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தகப்பன் சிரித்துக்கொண்டே விளக்கினார். ரொறன்ரோவுக்கு வடக்கே, வோன் நகரில் 'கனடாஸ் வொண்டர்லாண்ட்' என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1981இல் திறக்கப்பட்டது. புலம்பெயர்ந்த நம்மவர்களின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் அதுதான். அங்கே 306 அடி உயரத்துக்கு ஏறி விழும் 'லெவியதன்' என்ற ஓட்டத்துக்கு மணிக்கணக்கில் நிற்கவேண்டி வரும். நுழைவுச் சீட்டுக்கு மேலதிகமாக இன்னொரு தொகை கட்டினால் கையில் ஒரு பட்டி தருவார்கள். பட்டி உள்ளவர் வேறு வழியால் போய் முன்னுக்கு ஏறிவிடலாம். அதுதான் பாஸ்ற் லேன்.

சொல்லிவிட்டு மச்சான் சும்மா நிற்கவில்லை. படகுக்காரரிடம் போய் ஒரு ஐயாயிரம் ரூபாத் தாளை மடித்து நீட்டினார். படகுக்காரர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. "காசு எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி. முதல்ல ஆசுபத்திரியால வாறவை ஏறட்டும்" என்றார். காலில் கட்டுப்போட்ட ஒரு ஆச்சியைத் தூக்கி ஏற்றினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஐந்து சதுர கிலோமீற்றர்கூட இல்லாத என் அனலைதீவு, உலகத்துக்கு ஒரு பாடம் நடத்திவிட்டது போன்ற பெருமை.

அடுத்த கணம் படகுக்காரர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்: "மாஸ்ரர், நீங்கள் என்ன வெயிலுக்க நிக்கிறியள்? உள்ள வாங்கோ."

நான் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேராவது இருந்திருப்பார்கள். தங்கையையும் பிள்ளையையும்கூட என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். படகு புறப்பட்டதும் மருமகள் தாயின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "மாமாட்ட பாஸ்ற் லேன் இருக்கு."

இக்கட்டுரை அந்த வார்த்தையால் வந்தது.

கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி எழுத அனலைதீவு வாத்தியாருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் தீவில் ஊஞ்சல்கூடப் பாடசாலை முற்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் வரிசை பற்றி எழுத எங்களுக்குத் தகுதி உண்டு. என் தலைமுறை சோதனைச்சாவடி வரிசையில் வளர்ந்தது. பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர், 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது பத்து வயதுப் பிள்ளை. புத்தளத்து முகாமில் தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வாளியோடு நின்ற வரிசைகளை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "வாளிய வச்சிட்டுப் போனாலும் அந்த இடம் அந்த வாளிக்குத்தான்" என்பார். ஒன்றுமில்லாதவனுக்கு வரிசையிலுள்ள இடம்தான் சொத்து என்பதை நான் முதன்முதல் உணர்ந்தது அவர் பேச்சிலேதான்.

பூங்காக்காரர்கள் வரிசையை விற்கத் தொடங்கிய கதை சுவையானது. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது வாசலில் ஒரு சிறு கட்டணம், உள்ளே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித்தனிச் சீட்டு. பிறகு சீட்டுக்களைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 1982இல் அது முடிவுக்கு வந்தது. வாசலில் ஒரே விலை, உள்ளே எல்லாம் எல்லோருக்கும். வெளியே மாளிகையில் இருப்பவனும் வாடகை வீட்டில் இருப்பவனும் உள்ளே ஒரே கயிற்றுக்குள் வளைந்து வளைந்து நின்றார்கள். காசால் பங்கிடாத இடத்தில் நேரத்தால் பங்கிட வேண்டும், வேறு வழியில்லை. 1999இல் 'பாஸ்ற்பாஸ்' வந்தது. ஓட்டத்தின் வாசலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். இலவசம், எல்லோருக்கும் ஒன்று. நண்பர் சொன்ன வாளிதான் அது, கணினியில்.

2021இல் அந்த இலவசத்தை நிறுத்தி, அதையே காசுக்கு விற்றார்கள். 2024இல் ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு, நுழைவுச் சீட்டுக்கு மேலதிகமாகச் சில நூறு டொலர் வரை போகும் உயர்தர அனுமதியும் வந்தது. நாளுக்கு ஒரு விலை என்ற முறை 2016 தொடக்கம் அங்கே பழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. பாஸ்ற் லேனை ஆரம்பித்த சீடார் பெயார் நிறுவனம் 2011இல் ஒரு பூங்காவில் பரீட்சித்துப் பார்த்து, அடுத்த ஆண்டே மற்றவற்றுக்கும் பரப்பியது. தமிழ்நாட்டாரும் இதற்குப் புதியவர்களல்லர். 2000இல் கொச்சியில் 'வீகாலாண்ட்' என்ற பெயரில் தொடங்கிய வொண்டர்லா, 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே தன் ஐந்தாவது பூங்காவைத் திறந்தது. அந்த நிறுவனத்திலும் 'பாஸ்ற் ட்ராக்' சீட்டு உண்டு.

ஏன் இப்படி? காரணம் பேராசை மட்டுமென்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு பூங்காவுக்கு ஆள் கூடிக்கொண்டே போக முடியாது; நிலம் அவ்வளவுதான், ஆசனம் அவ்வளவுதான். ஆகவே ஆளைக் கூட்டாமல், வந்த ஆளிடமிருந்து எடுக்கும் காசைக் கூட்டுவதுதான் இன்று இத்தொழிலின் வழி. சிக்ஸ் பிளாக்ஸ் நிறுவனம் 2022இல் இதை ஒரேயடியாகச் செய்துபார்த்தது. கழிவுகளைக் குறைத்து விலையை ஏற்றியது. முந்திய ஆண்டு 2 கோடி 77 இலட்சமாக இருந்த வருகை 2 கோடி 5 இலட்சமாகச் சரிந்தது. சனம் மௌனமாக வாக்களித்துவிட்டது. 2024 ஜூலையில் அந்த நிறுவனமும் சீடார் பெயாரும் ஒன்றாயின. அப்போது 42 பூங்காக்கள் ஒரே கைக்குள் வந்தன. என் மருமகளின் வொண்டர்லாண்டும் அதற்குள்தான். பிடிக்கவில்லையென்றால் வேறு பூங்காவுக்குப் போ என்ற பதில் இப்போது முன்னைப்போல் எடுபடாது.

மச்சானோடு இரவு முற்றத்தில் இருந்து இதைத்தான் வாதாடினேன். அவர் இரண்டு வேலை செய்பவர். "மச்சான், எனக்குக் கோடையில பிள்ளையோட கிடைக்கிறது நாலு நாள். அதில ஒரு நாளை வரிசையில விடச் சொல்லுறியளோ? யாழ்தேவியில முதலாம் வகுப்பில போறவனை நீங்கள் ஏன் கேக்கேல்லை?" என்றார்.

நல்ல கேள்வி. இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். யாழ்தேவியில் முதலாம் வகுப்புப் பெட்டியும் மூன்றாம் வகுப்புப் பெட்டியும் ஒரே நேரத்தில்தான் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேருகின்றன. மெத்தை வாங்கியவனால் பலகையில் இருப்பவனுக்கு ஒரு நிமிடமும் பிந்துவதில்லை. புகையிரதப் பகுதி தன்னிடமுள்ள மெத்தையை விற்கிறது. பூங்கா எதை விற்கிறது? ஒரு ஓட்டம் மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றுமென்றால், பட்டி போட்டவர் வந்தாலும் அது ஆயிரம்தான். ஐந்நூறு ஆசனத்தைப் பட்டிக்காரர் எடுத்தால், கயிற்றுக்குள் நிற்கும் ஆயிரம் பேர் ஒரு மணித்தியாலத்தில் ஏறவேண்டியவர்கள், இரண்டு மணித்தியாலத்தில் ஏறுவார்கள். அந்த மேலதிக மணித்தியாலம் யாருடையது? நிறுவனத்துடையதல்ல. தன்னிடமில்லாத பொருளை அது விற்கிறது; பொருளுக்குச் சொந்தக்காரன் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதில் ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது என்னையும் தொடுகிறது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாடே தெருவில் நின்றபோது, தங்கை அனுப்பிய காசில் ஒரு பெடியனுக்குக் கூலி கொடுத்து எனக்குப் பதிலாக நிற்க வைத்தேன். அயலவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவன் ஒரு இடத்தில்தான் நின்றான்; அவனுக்குப் பின்னால் நின்றவருக்கு நட்டமில்லை. அவன் விற்றது தன்னுடைய நேரத்தை. அதுவும் வறுமை செய்வித்த வியாபாரம்தான், நான் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என்றாலும் பாஸ்ற் லேன் வேறு சாதி. மைக்கல் சான்டெல் என்ற அமெரிக்க மெய்யியலாளர், காசால் வாங்கக்கூடாதவை பற்றி 2012இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு பழக்கத்தையும் எடுத்துப் பேசுகிறார். அந்த ஆண்டு ஓகஸ்டில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்தபோது நாட்டில் ஒரு பெருமூச்சு எழுந்தது நினைவிருக்கும். கிடைத்தது அதிகமில்லை, ஆனால் அவனவனுக்குரியது அவனவனுக்கு என்பது தெரிந்தது.

"சீட்டு வாங்கும்போதே இப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்தானே, சம்மதித்துத்தானே வருகிறார்கள்" என்பது மச்சானின் அடுத்த வாதம். பெரியவர் சம்மதித்திருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை சம்மதிக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று கட்டிய இடத்தில், தன் தகப்பனிடம் மற்றவனின் தகப்பனைவிடக் குறைவாக இருக்கிறது என்பதை, கயிற்றின் வளைவுக்கு வளைவு அந்தப் பிள்ளை படிக்கிறது. பாடசாலையில் நாங்கள் சீருடை போட்டு மறைக்கப் பாடுபடுவதை அங்கே கையில் பட்டி கட்டிக் காட்டுகிறார்கள்.

பூங்காவைத் திட்டிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்க்காமல் விடுவது நேர்மையாகாது. திருப்பதியில் 300 ரூபா சிறப்புத் தரிசனம் இருக்கிறது. கடவுளின் வாசலிலேயே வரிசைக்கு விலை வைத்த நாங்கள் டிஸ்னியை என்ன சொல்வது? நல்லூரில் அருச்சனைச் சீட்டு ஒரு ரூபா என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வதன் பொருள், மற்ற இடங்களில் அப்படியில்லை என்பதும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிந்தி வந்தவர், இருப்பவர்களின் தோள்களைத் தாண்டி முன் வரிசைக்குப் போகக்கூடாது என்பது தங்களுக்குச் சிறுவயதிலேயே படிப்பிக்கப்பட்ட ஒழுக்கம் என்று கலாசாலை நண்பர் சொல்வார். "முதலாளியா இருந்தாலும் பிந்தி வந்தா செருப்புப் பக்கத்திலதான்" என்று சிரிப்பார். அதே முதலாளி கந்தூரிப் பந்தியில் எங்கே இருப்பார் என்று நான் கேட்டதற்கு, அவர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

இனி என்னுடைய பாஸ்ற் லேனுக்கு வருகிறேன். நான் காசு கொடுக்கவில்லை. படகுக்காரர் விற்கவில்லை, மரியாதையாகத் தந்தார். ஆனால் எனக்குப் பின்னால் நின்று ஆசனமில்லாமல் வந்த கிழவருக்கு இதில் என்ன வித்தியாசம்? காசுக்குப் போனால் அந்தக் காசாவது கணக்கில் வரும், நாளை அவரும் சேர்த்து வாங்கலாம் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கும். மரியாதையை அவர் எங்கே வாங்குவது? மச்சானின் ஐயாயிரத்தை நான் இளக்காரமாகப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆச்சியை முன்னுக்கு ஏற்றியது வேறு. தேவைக்காக வரிசையை விலக்குவதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை; வெயிலில் நின்றவர்களே வழிவிட்டார்கள். அதையும் கெடுக்க மனிதனுக்குத் தெரியும். வசதி படைத்த சிலர், மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவருக்குரிய சலுகையால் டிஸ்னியில் முன்னுக்குப் போனார்கள் என்று 2013இல் செய்தி வந்தது. அந்த ஆண்டே நிறுவனம் விதியை மாற்றியது. 2024இல் இன்னும் இறுக்கியது. உண்மையாகவே நிற்க இயலாத பலர் அதனால் வெளியே தள்ளப்பட்டதாக முறையிட்டார்கள். எங்கள் துறைமுகத்தில் படகுக்காரருக்கு ஆச்சியின் கால் தெரியும். ஆயிரக்கணக்கில் வரும் இடத்தில் யாருடைய காலை யார் பார்ப்பது?

அபுதாபியின் யாஸ் தீவில் அடுத்த டிஸ்னி வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். காசும் கட்டுமானமும் அந்த ஊர் நிறுவனத்தினுடையவை. டிஸ்னி தன் பெயரையும் வடிவமைப்பையும் கொடுத்து உரிமைப்பணம் வாங்கும். சவூதியில் சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவொன்று அதே ஆண்டின் கடைசி நாளில் திறந்தது. வளைகுடாவில் வேலைசெய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்படியான வாசல்களில் ஒருநாள் நிற்கக்கூடும்; பட்டியைக் கட்டிக்கொள்பவர்களாகவல்ல, மற்றவர் கையிலுள்ளதைப் பரிசோதிப்பவர்களாக.

தங்கை குடும்பம் திரும்பிப் போய்விட்டது. பிறகு ஒரு ஞாயிறு யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டு, திங்கள் காலைப் படகுக்கு வந்தேன். படகுக்காரர் வழமைபோல் "மாஸ்ரர், வாங்கோ" என்றார். "நிக்கிறன், ஆக்கள் ஏறட்டும்" என்றேன். அவர் முகம் ஒருமாதிரிப் போயிற்று. படகு நிறைந்தது, புறப்பட்டது. அடுத்த படகில் நான் போய்ச் சேர்ந்தபோது முதல் மூன்று பாடங்களும் முடிந்திருந்தன. ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் வாத்தியார் இல்லாமல் கரும்பலகையில் படகு கீறி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"சேர், ஏன் பிந்தினீங்கள்?" என்று முன் வாங்குப் பெடியன் கேட்டான்.

"வரிசையில நிண்டனான்" என்றேன்.

அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். இருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.