வெட்டும் உரிமை யாருக்கு?

“செடி தளதளன்னுதான் இருக்கு, பூக்கத்தான் மாட்டேங்குது.” வீட்டில் குண்டுமல்லி வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் குறை இது. விசாரித்தால், அந்தச் செடிக்கு அவர்கள் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டார்கள். வேளாவேளைக்குத் தண்ணீர், கைநிறைய யூரியா, வெயில் சுடுமே என்று சன்ஷேடு நிழல். சிக்கலே அங்கேதான். மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் மண்டும். மொட்டு கட்டுவதோ புதுத் துளிரில். பழைய கிளைகளில் கை வைக்காமல் விட்டால் புதுத் துளிருக்கு எங்கே போவது?

மதுரை வட்டார மல்லித் தோட்டங்களில் நவம்பர் கடைசியிலிருந்து கவாத்து தொடங்கும். முதலில் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிடுவார்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டம், அன்றைக்குப் பார்த்தால் வெறும் குச்சிக்காடு. மார்ச் மாதத்தில்தான் பூ வரத்து சூடு பிடிக்கும்.

இதைப் பார்த்ததும் நமக்கு ஒரு நீதி சட்டென்று கிடைத்துவிடுகிறது: அடிபட்டால்தான் ஆள் தேறுவான். பிள்ளையைத் திட்டித் தீர்க்கும் தகப்பனும், புதிதாகச் சேர்ந்தவரைச் சபையில் குத்திக்காட்டும் மேலதிகாரியும் சொல்வது இதைத்தான். “உன் நல்லதுக்குத்தான்.”

ஆனால் அவர்கள் கவாத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். வெட்டிய மறுநாளே விவசாயி வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. நோய்பட்ட குச்சியையும் உதிர்ந்த இலையையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்குப் பத்துக் கிலோ தொழுஉரம் வைத்து, நிறுத்திய தண்ணீரைத் திரும்பப் பாய்ச்ச வேண்டும். துளிர் வந்ததும் செம்பேன் பார்க்க வேண்டும். மொட்டு வந்ததும் மொட்டுப்புழு பார்க்க வேண்டும். இலை மஞ்சளடித்தால் யாரும் கத்திரியை எடுப்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவா என்று பார்த்து, லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். பசியில் வாடுகிற செடிக்கும் கொழுத்துப் படுத்த செடிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

திருமங்கலம் பக்கம் மல்லி போட்டிருக்கும் என் சித்தப்பாவிடம் ஒருமுறை, “கூலிக்கு ஆள் விட்டு ஒரே நாளில் வெட்டிடலாமே” என்றேன். “வெட்டுறதுக்கு ஆள் கிடைக்கும்ப்பா. எந்தக் குச்சியை விடணும்னு தெரிஞ்சவன் கிடைக்கணுமே” என்றார். செடியை வருடம் முழுக்கப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லி விலை எகிறும். அந்த நேரத்தில் கவாத்து செய்பவர், கிடைக்கக்கூடிய காசையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார். மனம் வராமல் ஒரு பகுதியை மட்டும் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. வெட்டுப்படும் செடியோடு வெட்டுபவருக்கும் கொஞ்சம் இழப்பு இருக்கிறது.

வெட்டியபின் வரும் பராமரிப்பு, வெட்டுபவரின் இழப்பு: நம் கண்டிப்பில் இந்த இரண்டும் இருக்கின்றனவா? பிள்ளையின் கைபேசியை வாங்கி வைக்கிறோம். அந்த மாலைப்பொழுதை அவனுக்காக ஒதுக்குகிறோமா, நம் கைபேசிக்குள் போய்விடுகிறோமா? ஒருவர் வேலையில் குறை சொல்கிறோம். அதைத் திருத்தும்போது பக்கத்தில் உட்காருகிறோமா? தனக்கு ஒரு செலவும் வைக்காத கண்டிப்பு, பெரும்பாலும் கோபத்துக்கு இட்ட மரியாதையான பெயர்தான்.

வெட்டாமலே செல்லம் கொடுத்தால் பூ வராது, அது உண்மை. ஆனால் வெட்டும் உரிமை, வெட்டியபின் எருக்கூடை சுமப்பவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர் கையில் கத்திரி இல்லாமல் இருப்பதே செடிக்கு நல்லது.