அதே ராக்கெட்தானா?

இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ஏவு வாகனத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பர் 18 அன்று ஒப்புதல் அளித்து, 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாழ்வான புவிச் சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை சுமந்து செல்ல வேண்டிய ராக்கெட் இது. இன்றைய எல்.வி.எம்.3-உடன் ஒப்பிட்டால் மூன்று மடங்கு சுமை, ஒன்றரை மடங்கு செலவு. இதன் முதல் அடுக்கு வேலை முடிந்ததும் கடலில் விழுந்து வீணாகாமல் திரும்பி இறங்கும்; செப்பனிட்டபின் மறுபடி பறக்கும்.

தீயில் எழுந்து, திரும்பி, சில உறுப்புகள் மாற்றப்பட்டு மீண்டும் கிளம்புவது அதே ராக்கெட்டா, வேறொன்றா? இது பொறியியலைவிட மிகப் பழைய கேள்வி.

பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கல்லில் இந்தக் கேள்வி தினமும் தண்ணீரில் மிதக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூசினால் பரிசல். முன்பெல்லாம் சாக்குக்குப் பதில் தோல். தார் உரிந்தால் மறுபூச்சு, பிளாச்சு முறிந்தால் புதுப் பிளாச்சு. இத்தனை மாறினாலும் பரிசல்காரருக்கு அது தன் பழைய பரிசல்தான்.

பௌத்தம் இதை ஒப்பாது. இரவு முழுதும் எரியும் விளக்கில், முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, முற்றிலும் வேறுமல்ல. இருப்பது தொடர்ச்சி மட்டுமே. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டி, தேர் என்பது வழங்கும் பெயரே என்று நிறுவினார். சமணம் மறுத்தது: பொருள் நிலைக்கும், அதன் நிலைகளே மாறும். தமிழில் பௌத்தரை நேருக்கு நேர் வாதுக்கு அழைத்த சமண நூல் நீலகேசி. கணந்தோறும் எல்லாம் அழியுமானால் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் இன்னொருவன் என்றாகும், அறம் நிற்க இடமிராது என்பது பௌத்தத்தின் இந்தக் கணபங்க வாதத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்ப எழுந்த வாதம்.

அந்த வாதம் ராக்கெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு பறப்பின் வெப்பமும் அதிர்வும் உலோகத்தில் தங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அடுத்த பறப்பில் வளரும். ஸ்பேஸ்எக்ஸ் 2017 மார்ச் 30 அன்று, ஒருமுறை பறந்து திரும்பிய முதல் அடுக்கை மறுபடி பறக்கவிட்டது. மண்ணெண்ணெயில் எரியும் அந்த அடுக்குகள் கரி படிந்து திரும்புகின்றன. புதிய இந்திய ராக்கெட்டுக்கு மீத்தேனும் திரவ ஆக்சிஜனும் தேர்வானதற்கு, மீத்தேன் விடும் கரி மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம்.

இப்படி உலோகத்தில் தங்குவதை ராக்கெட்டின் வினை எனலாமா? சடப்பொருளுக்கு வினை உண்டு என்று சைவ சித்தாந்தம் ஏற்காது, அது சரியே. வினை, அடுத்த பறப்புக்கு ஒப்பமிடும் மனிதரைச் சேரும். ஆனால் பொருள் ஒன்றா வேறா என்பதில் சமணத்தின் பக்கமே வலுவானது: முதல் பறப்பின் விரிசலை இரண்டாம் பறப்பில் சுமப்பது அதே ராக்கெட்தான். இயந்திரம் ஒன்றை மாற்றுவதால் மற்ற உறுப்புகள் பட்டது அழிந்துவிடாது. இஸ்ரோ திட்டத்தின் உருவாக்கக் கட்டத்துக்குக் கெடு 96 மாதம். அதற்குள் மூன்று சோதனைப் பறப்புகள் நடக்க வேண்டும்.